ரசீதில் உள்நாக்கு, பெட்டியில் தொண்டை: ஓர் உடற்கூறு மாதிரியைப் பற்றிய மதிப்புரை

பாரிமுனைக்கு அருகே, மருத்துவக் கருவிகளும் ஆய்வுக்கூடப் பொருள்களும் விற்கும் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தெருவில், சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், மனிதத் தொண்டையின் மாதிரி ஒன்றை 4,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைக்காரர் அதை அட்டைப்பெட்டியில் வைத்துச் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, ரசீதில் ‘உள்நாக்கு மாடல் - 1’ என்று எழுதினார். டான்சில் தெரியும் தொண்டை மாதிரி என்று எழுதித் தாருங்கள், பள்ளிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றேன். “ரெண்டும் ஒண்ணுதானே மேடம்” என்று சொல்லி ரசீதைக் கிழித்து நீட்டிவிட்டார். பின்னால் நால்வர் காத்துக்கொண்டிருந்ததால் நானும் வாதாடவில்லை. எட்டு மாதமாக வகுப்பில் பயன்படுத்திய பிறகு எழுதும் இந்த மதிப்புரையில் அந்த ரசீது அடிக்கடி குறுக்கே வரும். ஏனென்றால் இந்தப் பொருள் நன்றாகச் செய்யும் ஒரே பெரிய வேலை, அந்த வரியில் இருக்கும் பிழையை மாணவர்களின் மனத்திலிருந்து எடுப்பதுதான்.

ராயபுரத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். செரிமானத்தில் ஒரு முறை, சுவாசத்தில் ஒரு முறை, நோய்த்தடைகாப்பில் நிணநீர் உறுப்புகளைச் சொல்லும்போது மூன்றாம் முறை என்று தொண்டை பாடத்துக்குள் வந்துபோய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் பழைய துணி வரைபடத்திலோ அது வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு குழாயாக மட்டுமே இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் 3,000 ரூபாய் தந்தது. மீதியை நான் போட்டுக்கொண்டேன். ஆகவே இதில் குறை சொல்ல எனக்கு 1,200 ரூபாய் அளவுக்கு உரிமை உண்டு.

பெட்டிக்குள் இருந்தது இதுதான். மூக்கின் நடுவிலிருந்து பிடரிவரை நேராக அறுத்து, அதில் ஒரு பாதியை மட்டும் பலகைமேல் நிறுத்திய, உண்மை அளவிலான தலையும் கழுத்தும். நாக்கைக் கழற்றி எடுக்கலாம். டான்சில் சிறிய காந்தத்தால் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குரல்வளை மட்டும் இயல்பைவிட இரண்டு மடங்கு பெரிய தனித் துண்டாகத் தரப்பட்டிருக்கிறது. உறுப்புகளின்மேல் 42 எண்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. எண்களுக்கு உரிய பெயர்கள் ஆங்கிலத்தில் அச்சிட்ட எட்டுப் பக்கக் கையேட்டில் இருக்கின்றன. மண்டையோட்டின் அடித்தளத்தில் தொடங்கி ஆறாவது கழுத்து முள்ளெலும்பின் மட்டத்தில் உணவுக்குழலாக மாறும்வரை, மனிதத் தொண்டையின் நீளம் சுமார் 12 முதல் 14 சென்டிமீட்டர் என்று படித்திருக்கிறோம் அல்லவா. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்கேலை வைத்து அளந்தேன். 13 சென்டிமீட்டர் இருந்தது. வாங்கிய பொருளின்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

இப்போது அந்தப் பிழைக்கு வருகிறேன். நம் வீடுகளில் குழந்தைக்குத் தொண்டை வலித்து, விழுங்க முடியாமல் காய்ச்சலும் வந்தால் ‘உள்நாக்கு வளர்ந்திருக்கிறது’ என்றுதான் சொல்லுவோம். உள்நாக்கு என்பது மெல்லண்ணத்தின் நடுவிலிருந்து, வாயைத் திறந்தால் எதிரே மணிநாக்கைப்போலத் தொங்கும் ஒற்றைச் சதை. அடிநாச்சதை என்று பாடநூல் தமிழிலும் டான்சில் என்று பேச்சிலும் சொல்லப்படுவது அது அன்று. டான்சில், தொண்டையின் இரு பக்கச் சுவர்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் நிணநீர்த் திசு. மெல்லண்ணத்திலிருந்து இரண்டு சதைத் தூண்கள் கீழே இறங்குகின்றன: முன்தூண் நாக்கின் பக்கவாட்டிலும், பின்தூண் தொண்டைச் சுவரிலும் போய்ச் சேர்கின்றன. இவற்றுக்கு இடையே உண்டாகும் முக்கோணக் குழியில், பழைய வீட்டுச் சுவரின் மாடத்துக்குள் அகல் விளக்கை வைத்ததுபோல, டான்சில் உட்கார்ந்திருக்கிறது. படத்தில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும் இந்தக் குழியின் ஆழத்தைக் காட்ட முடிந்ததில்லை, ஏனென்றால் கரும்பலகைக்கு ஆழம் கிடையாது. இந்த மாதிரியில் டான்சிலைக் கழற்றி எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் நுனியை அந்தக் குழியில் வைத்துப் பார்க்கலாம். 42 மாணவர்கள் வரிசையாக வந்து விரல் வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒரு பாடவேளையில் வேறெதுவும் நடத்தவில்லை.

அந்த வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டு வயதில் அறுவைச் சிகிச்சை செய்து டான்சில் எடுக்கப்பட்ட மாணவன் ஒருவன் இருந்தான். எதை எடுத்தார்கள் என்று மாதிரியில் தொட்டுக் காட்டச் சொன்னேன். தயங்காமல் உள்நாக்கைத் தொட்டான். என் கைப்பேசியின் விளக்கைப் போட்டு, ஒரு மாணவியின் பையிலிருந்த கைக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொல்லிக்கொண்டே பார்க்கச் சொன்னேன். இரண்டு விநாடி பார்த்தான். “மிஸ், இன்னும் தொங்குது!” என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. பிறகு அவனே கொஞ்சம் கலவரத்தோடு, “அப்ப எதைத்தான் மிஸ் எடுத்தாங்க?” என்று கேட்டான். இரு தூண்களுக்கும் நடுவே அவனுக்குச் சுவர் வழவழப்பாக, குழிந்து, வெறுமையாக இருந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கோ அதே இடத்தில் இளஞ்சிவப்பாகப் புடைத்துக்கொண்டு ஒரு சதை. ஒன்பது ஆண்டுகளாக உள்நாக்கை இழந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கு அன்று அது திரும்பக் கிடைத்தது. 4,200 ரூபாயில் பாதி அந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டதாக நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

மீதிப் பாதியில்தான் எனக்குப் புகார்கள் இருக்கின்றன. நெடுக்காக அறுத்த பாதித் தலை என்பதால் டான்சில் ஒன்றுதான் இருக்கிறது. “இன்னொண்ணு எங்க மிஸ்?” என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் தவறாமல் வருகிறது. வாயை முன்பக்கமாகப் பார்க்கும்போது இரண்டு டான்சில்களும் நடுவழியை எவ்வளவு அடைக்கின்றன என்பதைக் கொண்டுதான் மருத்துவர்கள் வீக்கத்தை ஒன்றிலிருந்து நான்குவரை தரம் பிரிக்கிறார்கள். கால் பங்குக்கு உட்பட்டது முதல் தரம், முக்கால் பங்குக்கு மேற்பட்டது நான்காம் தரம். பாதித் தொண்டையை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது? வாய் திறந்திருக்கும் முன்பக்கத் தோற்றத்தைச் சிறிய துணைத் தட்டாகச் சேர்த்திருந்தால் இன்னும் 500 ரூபாய் கொடுத்திருப்பேன்.

அதைவிடப் பெரிய குறை வயதைப் பற்றியது. தலை, பற்கள், குரல்வளையின் இருப்பிடம் எல்லாம் வளர்ந்த மனிதனுடையவை. டான்சிலோ ஆறு வயதுக் குழந்தைக்கு இருப்பதுபோலப் பருத்திருக்கிறது. டான்சில்கள் சிறு வயதில் பெரிதாக இருந்து, பருவ வயதுக்குப் பின் மெல்லச் சுருங்குபவை. மூக்கின் பின்புறக் கூரையில் இருக்கும் அடினாய்டும் அப்படித்தான். பெரியவர்களிடம் அது பெரும்பாலும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மாதிரியைச் செய்தவர்கள் அடினாய்டை மட்டும் வயதுக்கேற்ப நீக்கிவிட்டு, டான்சிலை விற்பனைக்கேற்பப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இதனால் ஒரு நல்ல பாடம் கைநழுவிப் போகிறது. கூரையில் அடினாய்டு, நடுச்செவிக்குழலின் வாயருகே சிறு திட்டுகள், பக்கங்களில் டான்சில்கள், நாக்கின் பின்பகுதியில் நாவடித் திசு என்று, மூக்கும் வாயும் தொண்டையில் வந்து திறக்கும் இடத்தைச் சுற்றிலும் நிணநீர்த் திசு ஒரு வளையமாகக் காவல் நிற்கிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டையர் 1884-இல் விவரித்ததால் இந்த வளையம் அவர் பெயராலேயே வழங்குகிறது. உள்ளே வரும் காற்றும் உணவும் கொண்டுவரும் கிருமிகளைக் குழந்தைப் பருவத்திலேயே தடைகாப்பு மண்டலத்துக்கு அறிமுகம் செய்துவைக்கும் வாயில் இது. மாதிரியில் கூரை வெறுமையாக இருப்பதால், ஆரஞ்சு நிறக் களிமண்ணை உருட்டி அங்கே ஒட்டி, நானே வளையத்தை முடித்துக்கொண்டேன்.

டான்சிலின் மேற்பரப்பும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஏழெட்டுப் புள்ளிகளைக் கறுப்பு வண்ணத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையில் அவை கரையான் புற்றின் துளைகளைப்போல உள்ளே போய்க் கிளைவிடும் பள்ளங்கள். சாதாரணமாக ஒரு டான்சிலில் பத்துக்கு மேற்பட்ட பள்ளங்கள் இருக்கும். கிருமிகளுடன் திசு நெருங்கிப் பழகுவதற்கான பரப்பு இந்தப் பள்ளங்களால்தான் பெருகுகிறது. உதிர்ந்த செல்களும் உணவுத் துகளும் சேர்ந்து இறுகி, சிலருக்குத் துர்நாற்றமுள்ள வெள்ளைக் கற்களாக வெளிவருவதும் இவற்றிலிருந்துதான். டான்சிலைக் குறுக்கே அறுத்துக் காட்டும் ஒரு துண்டு இருந்திருந்தால் இத்தனையும் ஒரு பார்வையில் விளங்கியிருக்கும்.

ஆனால் மாதிரியின் வெளிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது நான் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. கழுத்தின் தோலை ஒரு சன்னல்போல வெட்டி, உள்ளிருக்கும் நாளங்களையும் நிணநீர்க் கணுக்களையும் காட்டியிருக்கிறார்கள். தாடையின் மூலைக்குச் சற்றுக் கீழே பச்சை நிறத்தில் ஒரு கணு இருக்கிறது. டான்சிலிலிருந்து வரும் நிணநீர் முதலில் சேருமிடம் அதுதான். தொண்டை வலி வந்தால் தேனும் சுண்ணாம்பும் குழைத்து என் பாட்டி கழுத்தில் பற்றுப் போடுவார். தாடைக்குக் கீழே விரலால் தடவி, நெரிகட்டியதுபோல உருண்டையாகத் தட்டுப்படும் இடத்தைக் கண்டுபிடித்து, ‘இங்கேதான் உள்நாக்கு வீங்கியிருக்கு’ என்பார். அவர் விரலுக்குத் தட்டுப்பட்டது உள்நாக்கும் இல்லை, டான்சிலும் இல்லை. இந்தப் பச்சைக் கணு. டான்சிலைக் கழுத்துக்கு வெளியிலிருந்து அப்படித் தொட்டுவிட முடியாது, ஏனென்றால் அதற்கு வெளியே உறையும், தொண்டையைச் சுருக்கும் தசையின் சுவரும் இருக்கின்றன. பாட்டியின் பற்று குணப்படுத்தியதா என்பது வேறு விஷயம். அவருடைய விரல் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது, பெயர்தான் மாறிப்போயிற்று.

அதே சன்னலில் முகத்தமனியிலிருந்து டான்சிலுக்குப் பிரிந்து வரும் கிளையையும் சிவப்புக் கம்பியாகக் காட்டியிருக்கிறார்கள். டான்சிலுக்கு இரத்தம் தரும் கிளைகள் பல. அவற்றுள் முதன்மையானது இது. சதையை வாய்வழியாகவே எடுத்துவிடும் அறுவையில் வெளிக்காயம் இல்லை என்றாலும், இரத்தக்கசிவைப் பற்றி மருத்துவர்கள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பது இந்தக் கம்பியைப் பார்த்தால் புரியும். மூளைக்குப் போகும் உட்கழுத்துத் தமனி டான்சிலுக்குப் பின்னும் வெளியிலுமாக ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் தொலைவில் ஓடுவதும் மாதிரியில் சரியாகவே அமைந்திருக்கிறது. நரம்புகளைத்தான் முழுவதுமாக விட்டுவிட்டார்கள். ஒன்பதாவது மண்டை நரம்பாகிய நாத்தொண்டை நரம்பு டான்சிலுக்கும் உணர்ச்சிக் கிளை தருகிறது, நடுச்செவிக்கும் தருகிறது. டான்சில் வீங்கியபோது ‘காது குத்துது’ என்று குழந்தை அழுவதும், காதில் விளக்கடித்துப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லாமல் இருப்பதும் அதனால்தான். ஒரு மஞ்சள் நூலையாவது ஒட்டியிருக்கலாம். நான் பூக்கட்டும் நூலை மஞ்சளில் தோய்த்து ஒட்டியிருக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தன்று மாதிரியை மேசைமேல் வைத்திருந்தேன். பாடத்தைவிட அதைச் சுற்றித்தான் கூட்டம் சேர்ந்தது. மகனுக்கு அடிக்கடி தொண்டை கட்டுகிறது, எடுத்துவிடலாமா என்று ஓர் அம்மா கேட்டார். அதை முடிவு செய்ய வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர் என்று சொல்லிவிட்டு, பரவலாகப் பயன்படும் கணக்கை மட்டும் சொன்னேன்: ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டாண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்றாண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி வந்திருந்தால் அறுவையைப் பற்றி யோசிப்பார்கள், இரவில் மூச்சு தடைப்படும் அளவுக்குக் குறட்டை இருந்தால் அது தனிக் காரணம். ‘ஐஸ்கிரீம் தின்றுதான் இவனுக்கு வந்தது’ என்று அவர் சொன்னார். ஆபரேஷன் முடிந்ததும் அதே ஐஸ்கிரீமைக் கொடுக்கச் சொல்லுவார்கள் என்றதும், பக்கத்தில் நின்றிருந்த பையனின் முகத்தில் அறுவைக்குச் சம்மதம் தெரிந்தது.

தனியாகக் கொடுத்திருக்கும் குரல்வளைத் துண்டு இந்தத் தொகுப்பிலேயே சிறந்த பகுதி. குரல்வளை மூடி மெல்லிய ரப்பரில் செய்யப்பட்டிருப்பதால் விரலால் அழுத்தினால் மடங்கி, விட்டால் நிமிர்கிறது. உண்மையான மூடியும் நெகிழும் குருத்தெலும்பால் ஆனதுதான். விழுங்கும்போது மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்க, நாவடி எலும்பும் குரல்வளையும் மேலும் முன்னுமாக நகர, மூடி சாய, குரல் நாண்கள் சேர்ந்துகொள்ள, எல்லாம் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஒழுங்கு தவறினால்தான் நமக்குப் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். சாப்பிடும்போது பேசிச் சிரித்ததே அதற்குப் போதும் என்பதை இந்த ரப்பர் மூடியை வைத்துக் காட்டலாம். மூடிக்கு இரு பக்கத்திலும் உள்ள பேரிக்காய் வடிவக் குழிகளும் ஆழமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. காசிமேட்டு மீன் வாரம் நான்கு நாள் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் குழிகளைக் காட்டினால் தனிப் பாடம் தேவையில்லை. மீன் முள் பெரும்பாலும் குத்தி நிற்கும் இடங்கள் டான்சில், நாக்கின் பின்பகுதி, இந்தக் குழிகள் ஆகியவை. சோற்று உருண்டையை விழுங்கினால் முள் இறங்கிவிடும் என்று வீட்டில் சொல்லுவார்கள். ஒரு மாணவி பல் குத்தும் குச்சியின் முனையை ஒடித்து அந்த ரப்பர் குழியில் செருகி, மேலிருந்து களிமண் உருண்டையை அழுத்திக் காட்டினாள். குச்சி இன்னும் உள்ளேதான் போயிற்று.

செய்நேர்த்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் இரண்டு வாரம் பிளாஸ்டிக் வாடை தலைவலியைத் தந்தது. சன்னலோரம் வைத்ததும் போய்விட்டது. எண் ஒட்டுகள் சென்னையின் புழுக்கத்துக்குத் தாங்கவில்லை. அக்டோபர் மழையில் பதினொன்று உதிர்ந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாகத் தமிழில் பெயர் எழுதி ஒட்டினேன், அது ஒருவகையில் நல்லதாயிற்று. டான்சிலின் காந்தம் மூன்றாம் மாதத்தில் கழன்று, மேசையடியில் உருண்டு, அரைமணி நேரத் தேடலுக்குப் பின் ஒரு மாணவனின் காம்பஸ் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்கு எடுத்துச் சென்றேன். மாற்றித் தர முடியாது என்றவர், உள்ளேயிருந்து பசை எடுத்துவந்து அவரே ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஒட்டிய கோணம் சற்றுச் சாய்ந்துவிட்டதால் டான்சில் இப்போது பின்தூணைக் கொஞ்சம் மறைக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புவரை கற்பிக்கும் பள்ளிக்கு இதை வாங்கலாம் என்பதே என் கருத்து. செவிலியர் பயிற்சிக்கோ மருத்துவப் படிப்புக்கோ போதாது. நரம்பில்லாத தொண்டையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? கைப்பேசிச் செயலிகளில் இதைவிட அழகாகத் தொண்டையைச் சுழற்றிப் பார்க்கலாம் என்று உடன் பணிபுரியும் இளம் ஆசிரியர் சொல்கிறார். சுழற்றலாம்தான். விரலை உள்ளே விட்டுப் பார்க்க முடியாது. வாங்குவோர் கடையிலேயே காந்தத்தை இழுத்துப் பார்த்து, நாக்கு தடையில்லாமல் கழன்று மாட்டுகிறதா என்று சோதித்து, கூடவே களிமண்ணும் நூலும் வாங்கிக்கொள்வது நல்லது.

சென்ற வாரம் ஆய்வுக்கூட இருப்பைச் சரிபார்க்கத் தணிக்கைக்கு வந்தார்கள். ரசீதில் ‘உள்நாக்கு மாடல் - 1’, நான் எழுதிய இருப்புப் பதிவேட்டில் ‘தொண்டை நெடுக்குவெட்டு மாதிரி, டான்சிலுடன் - 1’. இரண்டும் ஒத்துவரவில்லை, உள்நாக்கு எங்கே என்று கேட்டார் தணிக்கையாளர். மாதிரியைக் கொண்டுவந்து வைத்து, உள்நாக்கைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “அப்போ டான்சில் எதும்மா?” என்றார்.